பிஎஸ்எம்பி5 மரபணு

பிஎஸ்எம்பி5 என்பது மனிதரின் 14ஆம் நிறப்புரியின் நீண்ட கரத்தில், 14கியூ11.2 எனக் குறிக்கப்படும் பகுதியில் அமைந்துள்ள ஒரு மரபணு ஆகும். உயிரணுவினுள் வேலை முடிந்த புரதங்களையும் பழுதுபட்ட புரதங்களையும் துண்டுகளாக வெட்டும் பெரிய மூலக்கூற்று இயந்திரம் புரோட்டியசோம் எனப்படுகின்றது. அதன் பீட்டா-5 என்னும் உறுப்புப் புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பை இம்மரபணு கொண்டுள்ளது. புரோட்டியசோமின் நடுப்பகுதியில் பதினான்கு வகை உறுப்புப் புரதங்கள் உள்ளன. அவற்றுள் மூன்று மட்டுமே உண்மையில் வெட்டும் தொழிலைச் செய்கின்றன. அம்மூன்றிலும் முதன்மையானது பீட்டா-5 ஆகும்.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்கு 2003ஆம் ஆண்டு முதல் அளிக்கப்பட்டுவரும் போர்ட்டெசொமிப் என்னும் மருந்து முதன்மையாகப் பற்றிக்கொள்வது இந்தப் பீட்டா-5ஐயே. புரோட்டியசோம் இன்றி மனித உயிரணு எதுவும் நீடித்து வாழ இயலாது. அவ்வாறிருக்க, அதனைத் தடுக்கும் ஒரு பொருள் நோயாளியைக் கொல்லாமல் நோயை மட்டும் எவ்வாறு தாக்குகின்றது என்பது இம்மரபணுவைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எழும் வினாவாகும்.

பின்னணி

உயிரணு புரதங்களை ஆக்குவதைப் போலவே அழிப்பதையும் இடைவிடாது செய்துகொண்டிருக்கின்றது. உயிரணுப் பிரிவைத் தொடங்கிவைக்கும் புரதம் அப்பணி முடிந்ததும் அகற்றப்படாவிட்டால் உயிரணு கட்டுப்பாடின்றிப் பிரியும். தவறாக மடிந்த புரதங்கள் அகற்றப்படாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். எனவே அழிப்பு என்பது குப்பை அகற்றுவது மட்டுமன்று, கட்டுப்படுத்துவதும் ஆகும்.

அழிக்கப்பட வேண்டிய புரதத்தின்மீது யூபிக்குவிட்டின் என்னும் சிறு புரதம் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றது. இதனை ஓர் அடையாளச் சீட்டு எனலாம். இம்முறையைக் கண்டறிந்தமைக்காக ஆரன் சீகனோவர், அவ்ரம் எர்சுக்கோ, இர்வின் ரோசு ஆகிய மூவருக்கும் 2004ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சீட்டு ஒட்டப்பட்ட புரதத்தைப் பெற்றுக்கொள்வது 26எஸ் புரோட்டியசோம் ஆகும். அதன் மூடிப்பகுதி யூபிக்குவிட்டினைக் கழற்றி மீட்டுக்கொண்டு, ஏடிபி ஆற்றலைச் செலவிட்டுப் புரதத்தின் மடிப்புகளைப் பிரித்து, நூலை ஊசிக்காதில் நுழைப்பதுபோல் நடுப்பகுதிக்குள் செலுத்துகின்றது.

20எஸ் எனப்படும் அந்த நடுப்பகுதி நான்கு வளையங்கள் அடுக்கப்பட்ட உருளை வடிவம் உடையது. அதன் நீளம் ஏறத்தாழ 15 நானோமீட்டர், விட்டம் ஏறத்தாழ 11 நானோமீட்டர். வெளிவளையங்கள் இரண்டும் ஏழேழு ஆல்ஃபா உறுப்புகளாலும், உள்வளையங்கள் இரண்டும் ஏழேழு பீட்டா உறுப்புகளாலும் ஆனவை. ஆக மொத்தம் 28 உறுப்புகள். ஆல்ஃபா வளையம் வாயிற்கதவாக உள்ளது. வெட்டும் இடங்கள் அனைத்தும் பீட்டா வளையங்களின் உட்சுவரிலேயே உள்ளன. இதன் பயன் தெளிவானது. கத்திகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உயிரணுவில் எதிர்ப்படும் எல்லாவற்றையும் அவை வெட்டிவிடும். உள்ளே இருப்பதால் வாயிலைக் கடந்து வருவன மட்டுமே வெட்டுப்படுகின்றன.

பெயரும் எண்ணும்

மரபணுவின் பெயரிலுள்ள பி, எஸ், எம் என்னும் முதல் மூன்று எழுத்துகள் புரோட்டியசோமையும், அடுத்து வரும் பி என்பது பீட்டா வகையையும் குறிக்கின்றன. இறுதியிலுள்ள எண்ணில்தான் சிக்கல் உள்ளது. மரபணுக்களுக்கு எண்கள் இடப்பட்ட காலத்தில் வளையத்தில் எந்த உறுப்பு எவ்விடத்தில் அமர்ந்துள்ளது என்பது தெரிந்திருக்கவில்லை. பின்னர் வளையத்தின் வரிசைப்படி உறுப்புகளுக்கு வேறு எண்கள் வழங்கப்பட்டன. இதனால் பீட்டா-1 உறுப்புக்குரிய மரபணு பிஎஸ்எம்பி6 ஆகவும், பீட்டா-2க்கு உரியது பிஎஸ்எம்பி7 ஆகவும், பீட்டா-4க்கு உரியது பிஎஸ்எம்பி2 ஆகவும், பீட்டா-6க்கு உரியது பிஎஸ்எம்பி1 ஆகவும், பீட்டா-7க்கு உரியது பிஎஸ்எம்பி4 ஆகவும் அமைந்துவிட்டன. மூன்றாம் உறுப்பிலும் ஐந்தாம் உறுப்பிலும் மட்டும் இரு எண்களும் ஒத்துப்போகின்றன. மாறியின் பெயரைப் பின்னாளில் திருத்தினால் பழைய நிரல்கள் எல்லாம் உடைந்துவிடும் என்று அஞ்சி அப்படியே விட்டுவைப்பதை நிரலாளர்கள் நன்கு அறிவர். இங்கும் நடந்தது ஏறத்தாழ அதுவே.

1990களில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் இப்புரதம் எக்ஸ் என்றும், எம்பி1 என்றும், எப்சிலான் என்றும் வழங்கப்பட்டுள்ளது. ஈஸ்டில் இதற்கு இணையான மரபணு பிஆர்இ2 அல்லது டிஓஏ3 எனப்படுகின்றது. பழைய கட்டுரைகளைப் படிப்போர் இவையனைத்தும் ஒரே பொருளைச் சுட்டுவன என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

உறுப்பு உருவாகும் முறை

பிஎஸ்எம்பி5 மரபணுவிலிருந்து முதலில் கிடைப்பது 263 அமினோ அமிலங்கள் கொண்ட முன்வடிவப் புரதமாகும். இது வெட்டும் திறன் அற்றது. இதன் தொடக்கத்திலுள்ள 59 அமினோ அமிலங்கள் உறை போல அமைந்து வெட்டும் முனையை மூடிவைத்துள்ளன. உறை நீங்கிய பின் எஞ்சுவது 204 அமினோ அமிலங்கள். 60ஆம் இடத்தில் இருந்த திரியோனின் என்னும் அமினோ அமிலம் அப்போது முதலாவதாகிவிடுகின்றது. வெட்டும் முனை என்பது இந்தத் திரியோனினே ஆகும்.

உறையை அகற்றுவது வேறொரு நொதியன்று. ஆல்ஃபா வளையத்தின்மேல் பீட்டா உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்து உருளையின் ஒரு பாதி உருவாகின்றது. இத்தகைய இரு பாதிகள் எதிரெதிரே பொருந்திய பின்னரே பீட்டா-5 தன் உறையைத் தானே வெட்டிக்கொள்கின்றது. அதாவது கூண்டு முழுமையாக மூடப்படும் வரை உள்ளிருக்கும் கத்தி திறக்கப்படுவதில்லை. கட்டுமானத்திற்கு உதவும் பிஓஎம்பி என்னும் துணைப்புரதம் இவ்வேளையில் உருளையினுள்ளேயே சிக்கிக்கொள்வதால், புதிதாகப் பிறந்த புரோட்டியசோம் முதலில் வெட்டி அழிப்பது தன்னைக் கட்ட உதவிய அத்துணைப்புரதத்தையே. உயிரணுவியலில் இத்தனை இரக்கமற்ற ஏற்பாடுகள் அதிகமில்லை.

உறையை வெறும் பாதுகாப்பு மூடியாகக் கருதுதலும் கூடாது. ஈஸ்டில் இவ்வுறைப் பகுதியை நீக்கிவிட்டு, உறையற்ற பீட்டா-5ஐ மட்டும் ஆக்கச் செய்தால் புரோட்டியசோம் சரியாகக் கட்டப்படுவதில்லை. அவ்வுயிரணு பிழைப்பதும் இல்லை. எனவே கட்டுமானத்திலும் உறைக்குப் பங்கு உண்டு என்பது 1996இல் மார்க் ஆக்சுட்ராசரின் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது.

வெட்டும் முறை

புரதங்களை வெட்டும் நொதிகள் பலவும் செரின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்களையோ உலோக அயனிகளையோ வெட்டுக்கருவியாகக் கொண்டவை. புரோட்டியசோம் திரியோனினைப் பயன்படுத்துகின்றது. வெந்நீரிலும் அமிலத்திலும் வாழும் தெர்மோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரின் எளிய புரோட்டியசோமைக் கொண்டு 1995ஆம் ஆண்டு செருமனியில் இவ்வுண்மை வெளிப்பட்டது. திரியோனினின் பக்கச் சங்கிலியிலுள்ள ஐதராக்சில் தொகுதி, புரதச் சங்கிலியின் பெப்டைடுப் பிணைப்பைத் தாக்குகின்றது. அதே திரியோனினின் கட்டற்ற அமினோ முனை அத்தாக்குதலுக்கு உதவுகின்றது. முதல் இடத்தில் இருந்தால் மட்டுமே அமினோ முனை கட்டற்றதாக இருக்கும். உறை நீங்கியாக வேண்டும் என்பதன் காரணம் இதுவே. 1997இல் ஈஸ்டின் 20எஸ் புரோட்டியசோமின் முழு அமைப்பும் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வழியே கண்டறியப்பட்டது.

வெட்டும் உறுப்புகள் மூன்றும் வெவ்வேறு இடங்களை விரும்புகின்றன. பீட்டா-1 அமிலத் தன்மையுள்ள அமினோ அமிலங்களை அடுத்தும், பீட்டா-2 காரத் தன்மையுள்ளவற்றை அடுத்தும் வெட்டுகின்றன. பீட்டா-5 நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களை அடுத்து வெட்டுகின்றது. கணையத்திலிருந்து சுரக்கும் கைமோட்ரிப்சின் என்னும் செரிமான நொதியின் விருப்பமும் ஏறத்தாழ இதுவே ஆதலால், பீட்டா-5இன் செயல் கைமோட்ரிப்சின் ஒத்த செயல் என அழைக்கப்படுகின்றது. பெரும்பாலான புரதங்களின் உட்பகுதி நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களால் நிறைந்தது என்பதை நினைத்தால், பீட்டா-5இன் முதன்மை விளங்கும். ஈஸ்டில் மூன்று முனைகளையும் தனித்தனியே முடக்கிப் பார்த்தபோது பீட்டா-5 முடங்கியபோதே வளர்ச்சி மிகவும் பாதிக்கப்பட்டது.

மாற்று உறுப்புகள்

மனித உடலில் பீட்டா-5க்கு மாற்றாக அமரக்கூடிய இரு உறவு உறுப்புகள் உள்ளன. தீநுண்மத் தொற்றின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்னும் சைகைப் புரதம், 6ஆம் நிறப்புரியிலுள்ள பிஎஸ்எம்பி8 என்னும் மரபணுவை ஊக்குவிக்கின்றது. அதன் புரதம், புதிதாகக் கட்டப்படும் புரோட்டியசோம்களில் பீட்டா-5இன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இவ்வாறு அமைவது நோயெதிர்ப்புப் புரோட்டியசோம் எனப்படும். இது வெட்டித்தரும் துண்டுகள் உயிரணுவின் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டு, தொற்று நேர்ந்துள்ளதை நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கு அறிவிக்கப் பெரிதும் ஏற்றவை. பிஎஸ்எம்பி8இல் ஏற்படும் பிறவித் திடீர்மாற்றங்கள் காய்ச்சலும் தோல் அழற்சியும் கொழுப்புத் திசுவின் தேய்வும் கூடிய அரிய நோயைத் தருகின்றன என்பது 2010, 2011ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது.

மற்றொன்று பிஎஸ்எம்பி11. இது பிஎஸ்எம்பி5க்கு அருகிலேயே 14ஆம் நிறப்புரியில் உள்ளது. தைமசுச் சுரப்பியில் மட்டுமே செயற்படும் இதனை 2007இல் சப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். கைமோட்ரிப்சின் ஒத்த செயல் இதற்கு மிகக் குறைவு. இளம் டி உயிரணுக்களைத் தெரிவு செய்வதற்கு இத்தகைய மந்தமான வெட்டே தேவைப்படுகின்றது.

கண்டறிந்த வரலாறு

செர்வின் வில்க்கு, மரியான் ஓர்லோவ்ஸ்கி ஆகிய இருவரும் மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து 1980ஆம் ஆண்டளவில் ஒரு பெரிய நொதியைப் பிரித்தெடுத்தனர். அது ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் புரதங்களை வெட்டுவதை அவர்கள் காட்டினர். புரோட்டியசோம் என்னும் பெயர் 1988இல் சூட்டப்பட்டது. இன்டர்ஃபெரான்-காமாவின் தூண்டலால் புரோட்டியசோமிலிருந்து மறையும் எக்ஸ் என்னும் புரதத்தின் மரபணு 1994இல் இனங்காணப்பட்டது. இதுவே இன்றைய பிஎஸ்எம்பி5.

இப்புரதத்தின் தொழில் வெளிப்பட்ட கதை மண்ணிலிருந்து தொடங்குகின்றது. சப்பானிய அறிவியலாளர் சடோசி ஓமுரா, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனப் பாக்டீரியாவிலிருந்து லாக்டாசிஸ்டின் என்னும் பொருளை 1991இல் பிரித்தார். (இவரே பின்னர் ஐவர்மெக்டின் மருந்துக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக 2015இல் நோபல் பரிசு பெற்றவர்.) நரம்புப் புற்றுநோய் உயிரணுக்களின்மீது லாக்டாசிஸ்டினை இட்டால் அவை பெருகுவதை நிறுத்தி நரம்பிழை போன்ற நீட்சிகளை வளர்த்தன. ஆனால் அது எதனைப் பற்றுகின்றது என்பது புரியவில்லை. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் சிரைபரின் குழுவினர் கதிரியக்க அடையாளம் இட்ட லாக்டாசிஸ்டினைக் கொண்டு 1995இல் விடை கண்டனர். அது முதன்மையாக ஒட்டிக்கொண்டது எக்ஸ் புரதத்தின் முதல் திரியோனினில். மேலே கூறிய தெர்மோபிளாஸ்மா ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்றையொன்று அறியாத இரு வழிகள் ஒரே அணுவில் வந்து முடிந்தன.

மருந்தின் இலக்கு

ஆல்ஃபிரட் கோல்ட்பெர்க்கு, நோயுற்றோரின் தசை கரைவதைத் தடுக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் 1993இல் மயோசெனிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். தசை கரைவதற்குப் புரோட்டியசோம் காரணமாயின், அதனைத் தடுத்தால் தசை காக்கப்படும் என்பது எண்ணம். ஆய்வகங்களில் இன்றளவும் பயன்படும் எம்ஜி-132 என்னும் தடுப்பானின் பெயரிலுள்ள எழுத்துகள் அந்நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தவை. நிறுவனம் பின்னர் புரோஸ்கிரிப்ட் எனப் பெயர் மாறியது. அங்கு சூலியன் ஆடம்சு தலைமையில், பழைய தடுப்பான்களின் ஆல்டிகைடு முனைக்குப் பதிலாகப் போரான் அணுவுள்ள போரானிக் அமில முனையைப் பொருத்தி உருவாக்கியதே பிஎஸ்-341. அதுவே போர்ட்டெசொமிப். போரான் அணு, பீட்டா-5இன் திரியோனின் ஆக்சிசனைப் பற்றிக்கொள்கின்றது. பிடி உறுதியானது, ஆயினும் நிரந்தரமானது அன்று. காலப்போக்கில் மெல்ல விடுபடும்.

தசைக்காக எண்ணியது புற்றுநோய்க்குப் போய்ச் சேர்ந்தது. முன்னர்ப் பல சிகிச்சைகளிலும் பயன் காணாத மைலோமா நோயாளிகளிடம் நடத்திய இரண்டாம் கட்டச் சோதனையில், மதிப்பிடத்தக்க 193 பேரில் 35 விழுக்காட்டினரிடம் மருந்து பயன் தந்தது. 2003 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. பின்னர் இந்திய நிறுவனங்கள் பலவும் இம்மருந்தைப் பொதுப்பெயரில் தயாரிக்கத் தொடங்கின.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மைலோமா என்பது பிளாஸ்மா உயிரணுக்களின் புற்றுநோய். பிளாஸ்மா உயிரணுவின் தொழிலே பிறபொருளெதிரிகளை ஓயாது ஆக்கி வெளியேற்றுவதாகும். இவ்வளவு பெரும் உற்பத்தியில் தவறாக மடிந்தவையும் அதற்கேற்ப மிகுதி. அவற்றை அகற்றும் பணியில் அதன் புரோட்டியசோம்கள் ஏற்கனவே தம் எல்லையை ஒட்டி இயங்கிக்கொண்டிருக்கின்றன. மற்ற உயிரணுக்களுக்குப் பொறுக்கத்தக்க ஒரு குறைவு, இவ்வுயிரணுக்களுக்குப் பொறுக்க முடியாததாகிவிடுகின்றது. புற்றுநோய் உயிரணுக்கள் பிழைத்திருக்க உதவும் என்எஃப்-கப்பா-பி என்னும் வழியும் புரோட்டியசோம் தடைப்படும்போது அடங்குவது இன்னொரு காரணம். எனினும் அது மட்டும் போதிய விளக்கமாகத் தோன்றவில்லை, சுமைக் கணக்கே வலுவானது.

மருந்தளிக்கும் முறையும் இங்கு முக்கியம். 21 நாள் சுற்றில் 1, 4, 8, 11ஆம் நாள்களில் மட்டும் மருந்து தரப்படுவது வழக்கமான முறை. ஒவ்வொரு முறைக்கும் இடையே குறைந்தது 72 மணிநேரம் விடப்படுகின்றது. இவ்விடைவெளியில் நல்ல உயிரணுக்கள் புதிய புரோட்டியசோம்களைக் கட்டிக்கொள்கின்றன. தடுப்பு உணரப்பட்டவுடன் என்ஆர்எஃப்1 என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் பிஎஸ்எம்பி5 உள்ளிட்ட புரோட்டியசோம் மரபணுக்களை ஒருசேர முடுக்கிவிடுவது 2010இல் அறியப்பட்டது. வேடிக்கை என்னவெனில், என்ஆர்எஃப்1 இயல்பான நிலையில் புரோட்டியசோமால் விரைந்து அழிக்கப்படுவது.

கை கால்களில் எரிச்சலும் மரமரப்பும் தரும் நரம்புப் பாதிப்பு போர்ட்டெசொமிப்பின் பெரிய பக்கவிளைவு ஆகும். சிரைக்குள் ஏற்றுவதற்குப் பதிலாகத் தோலுக்கடியில் செலுத்தினால் இது குறைகின்றது எனத் தெரிந்தபின் 2012இல் அம்முறையும் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில் ஒப்புதல் பெற்ற கார்ஃபில்சொமிப் பீட்டா-5ஐ நிரந்தரமாகப் பற்றுவது. இதில் நரம்புப் பாதிப்பு குறைவு, ஆனால் இதயத்தைக் கவனிக்க வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் இக்சாசொமிப் 2015இல் வந்தது. பச்சைத் தேயிலையிலுள்ள ஒரு பொருள் போரானிக் அமிலத்தைப் பற்றி மருந்தைச் செயலிழக்கச் செய்வதாக 2009இல் ஆய்வகத்திலும் சுண்டெலிகளிலும் காட்டப்பட்டது. உடலுக்கு நல்லது என்று கருதிப் பச்சைத் தேயிலைச் சாறு அருந்தும் நோயாளிகள் அதனை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நன்று.

எதிர்ப்புத்திறனும் திடீர்மாற்றங்களும்

போர்ட்டெசொமிப் பயன்தந்த பலரிடமும் நோய் காலப்போக்கில் மீள்கின்றது. ஆய்வகத்தில் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களைச் சிறிது சிறிதாக மருந்துக்குப் பழக்கியபோது, 2008இல் இரு தனிக்குழுக்கள் ஒரே மாற்றத்தைக் கண்டன. பீட்டா-5இன் 49ஆம் இடத்தில் அலனினுக்குப் பதிலாகத் திரியோனின் இருந்தது. மருந்து வந்து பொருந்தும் பள்ளத்தின் சுவரில் இருப்பது இவ்விடம். முன்வடிவத்தின் 59 அமினோ அமில உறையையும் சேர்த்து எண்ணும் கட்டுரைகளில் இதே மாற்றம் 108ஆம் இடத்தில் எனக் காணப்படும். இரண்டும் ஒன்றே.

இதுவே நோயாளிகளிடமும் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்தது. மருந்துச் சோதனைகளில் பங்கேற்றோரின் புற்றுத் திசுக்களில் 2012இல் தேடியபோது அத்தகைய மாற்றங்கள் கிடைக்கவில்லை. பின்னர் நெடுங்காலம் மருந்து பெற்ற ஒரு நோயாளியின் உயிரணுக்களில் பிஎஸ்எம்பி5இல் பல்வேறு மாற்றங்கள் ஒருங்கே காணப்பட்டன. எனினும் அது பொதுவழி அன்று. பெரும்பாலான மைலோமா உயிரணுக்கள் கத்தியை மாற்றுவதில்லை, சுமையைக் குறைத்துக்கொள்கின்றன. பிறபொருளெதிரி ஆக்கும் முதிர்ந்த நிலையிலிருந்து பின்வாங்கி, முதிராத உயிரணுக்களாகப் பிழைத்திருப்பது 2013இல் காட்டப்பட்டது. மருந்து எதனால் வேலை செய்கின்றதோ அதனையே கைவிட்டுவிடுகின்றன என்று கூறலாம். புரோட்டியசோமின் மூடிப்பகுதி உறுப்புகள் சிறிது குறைந்தாலும் எதிர்ப்புத்திறன் கூடுவதும் பின்னர் அறியப்பட்டது.

முதுமை

வயது ஏறும்போது பல திசுக்களில் புரோட்டியசோமின் திறன் குறைகின்றது. வளர்ப்பு ஊடகத்திலுள்ள மனித நார்த்திசு உயிரணுக்களில் பீட்டா-5ஐ மிகையாக ஆக்கச் செய்தபோது பிற பீட்டா உறுப்புகளின் அளவும் கூடியது. புரோட்டியசோமின் செயல் உயர்ந்து, உயிரணுக்கள் முதுமையடைவது தள்ளிப்போனது. மறுபுறம், தைமசுக்குரிய மந்தமான உறுப்பை உடல் முழுவதும் ஆக்குமாறு மாற்றப்பட்ட சுண்டெலிகள் குறுகிய ஆயுளே பெற்றன. இவற்றைக் கொண்டு மனிதரின் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து என எவரேனும் விளம்பரம் செய்தால் நம்புவதற்கில்லை.

ஒட்டுண்ணிகளின் பீட்டா-5

மனிதரின் பீட்டா-5ஐத் தொடாமல் நோய்க்கிருமியின் புரோட்டியசோமை மட்டும் தடுக்க இயலுமா என்பதும் ஆராயப்படுகின்றது. கருங்காய்ச்சல் என்றும் காலா அசார் என்றும் வழங்கும் நோயைத் தரும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் புரோட்டியசோமில், பீட்டா-4க்கும் பீட்டா-5க்கும் இடையே ஒரு பொந்து உள்ளது. மனிதப் புரோட்டியசோமில் அதே இடம் சற்று வேறுபட்ட வடிவுடையது. இப்பொந்தில் பொருந்தி ஒட்டுண்ணியின் பீட்டா-5 செயலை மட்டும் நிறுத்தும் ஜிஎன்எஃப்6702 என்னும் சேர்மம் 2016இல் அறிவிக்கப்பட்டது. சுண்டெலிகளில் அது லீஷ்மேனியாவை மட்டுமன்றித் தூக்கநோய், சாகசு நோய் ஆகியவற்றின் ஒட்டுண்ணிகளையும் அழித்தது. அதன் வழிவந்த எல்எக்ஸ்இ408 மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டியுள்ளது. காலா அசார் நெடுங்காலமாகப் பீகாரின் ஏழை ஊர்களை வாட்டிய நோய். அதற்கான பழைய மருந்துகள் பலவும் ஊசிவழி தரப்படுபவை, நச்சுத்தன்மை மிக்கவை. எல்எக்ஸ்இ408 வாய்வழி உட்கொள்ளத்தக்கதாக வடிவமைக்கப்பட்டுள்ளது.